அரைப் பேர்

நோர்வூட்டில் ஆறேகால் பஸ்.
ஹட்டனில் இறங்கும்போது
நிவாரணக் காரியாலயம் இன்னும் திறக்கவில்லை.
எனக்கு முன்னால் பதினொரு பேர்,
ஒருவர் குடையை மட்டும் வரிசையில் வைத்துவிட்டு
தேத்தண்ணிக் கடைக்குப் போயிருக்கிறார்.

படிவத்தின் முதல் கோட்டில் முழுப்பெயர் கேட்கிறார்கள்.
செக்ரோலில் நான் புவனலெச்சுமி.
அடையாள அட்டையில் புவனலட்சுமி.
பிறப்புச் சான்றிதழில் வெறும் புவனம்,
எழுதியவருக்கு அன்று பசியோ என்னவோ.
மூவரும் ஒருத்தியே என்று
கிராம சேவகர் எழுதித் தர இரண்டு கிழமை.
அந்த இரண்டு கிழமையும்
மூன்று பேராக இருந்தும்
ஒருத்திக்கும் காசு வரவில்லை.

எங்கள் பக்கம் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
மலையில் நிறை குறைந்தால் அரைப் பேர்.
இதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்
திலினி மிஸ்ஸிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை. வரிசை நீளம்.

அடுத்த கேள்வி:
வேலையை நீங்களாக விட்டீர்களா, விலக்கப்பட்டீர்களா?
நானாக விட்டிருந்தால் ஒன்றும் கிடையாது.
குற்றம் செய்து விலக்கப்பட்டிருந்தாலும் கிடையாது.
மார்ச் மாதம் ரோலர் நின்றது.
வாட்டுத் தட்டில் கிடந்த கொழுந்து
மூன்று நாளில் கறுத்துப் புளித்து
வாசம் லயம் வரைக்கும் வந்தது.
பிறகு கேட்டுக்கு இரண்டு பூட்டு.
இதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி?

ஆறு மாதம் தருவார்கள்.
ஒன்றைவிட்டு ஒரு செவ்வாய் வந்து காட்ட வேண்டும்,
வேலைக்குத் தயார் என்று, உடம்பால் முடியும் என்று,
மூன்று இடத்தில் கேட்டேன்
மூன்று இடத்திலும் இல்லை என்றார்கள் என்று,
ரப்பர் முத்திரையோடு.

நோர்வூட்டில் முத்திரை வைத்திருப்பவர்கள்
எனக்குத் தெரிந்து ஐந்து பேர்.
பேக்கரி நிஸாம் நானா
நான் வாயைத் திறக்குமுன்னே
'வேலை இல்லை' என்று எழுதிக் குத்திவிடுவார்,
கூடவே ஒரு மாலு பணிஸ், பேப்பரில் சுற்றி.
பணிஸையும் கணக்கில் காட்ட வேண்டுமா என்று
ஏழாம் விதியை இரண்டு தரம் வாசித்தேன்.

ஏழாம் விதி வருமானத்தைப் பற்றியது,
எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

போன கிழமை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்,
நானுஓயாப் பக்கம், கரட் பிடுங்க.
மத்தியானம் மழை பிடித்ததும் அனுப்பிவிட்டார்கள்.
கையில் எழுநூறு ரூபா.
'யாருடி பாத்தா? எழுதாத' என்றாள் செல்வநாயகி,
சல்லடைக்கு அந்தப் பக்கம்
பதினாறு வருஷம் நின்றவள்.
அவள் எழுதவில்லை.
மூன்று பிள்ளைகள், அவளைக் குறை சொல்ல நான் யார்.

நான் எழுதினேன்.
நேர்மை என்று நினைக்க வேண்டாம்.
நாலு மாதமாக அந்தக் கட்டத்தில்
இல்லை, இல்லை என்று போட்டுப் போட்டு
கை கூசிப்போயிருந்தது.
இந்தக் காலப்பகுதியில் வேலை செய்தீர்களா?
ஆம்.
அழுத்தியதில் பேனை
கார்பன் தாளையும் கிழித்து
மேசையில் பதிந்தது.

திலினி மிஸ் வாசித்தார்.
நகத்தில் இன்னும் போகாத கரட் மண்ணைப் பார்த்தார்.
கல்குலேட்டரை இரண்டு தரம் தட்டினார்.
'இந்த முறை பாதிதான் அக்கா.'

அரைப் பேர், என்றேன்.
விளங்கவில்லை அவருக்கு. விளக்கவும் இல்லை நான்.

சீட்டைத் தள்ளிவிட்டு
கண்ணாடி ஓட்டைக்குக் கிட்டக் குனிந்து
சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்:
அந்தக் கரட் தோட்டத்தில்
நாளைக்கும் ஆள் எடுப்பார்களா,
அவருடைய அண்ணன் ஒருவர் சும்மா இருக்கிறாராம்.

லொறிக்காரன் நம்பரை
நிராகரித்த ஒரு படிவத்தின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தேன்.
அண்ணனிடம் ஏழாம் விதியைச் சொல்லுங்கள் என்றேன்.
அதற்குமட்டும் சிரித்தார்.