நம்பாதே

இன்வர்கார்கில்லில் ஜூலை.
தென்துருவத்திலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் வந்த காற்று
கராஜ் கதவின் அடியிடுக்கில்
விரல் நுழைத்துப் பார்க்கிறது.

இந்த ஊரில் ரகரத்தை உருட்டித்தான் பேசுவோம்.
வடக்கே போனால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.
என் லேத்தும் இந்த ஊர்தான்.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்:
நாற்பத்தொரு பிள்ளைகள், ஒரு வாந்தி, ஜோடி சேராத கையுறைகள்.
இருட்டிய பிறகு
மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

ஏலத்தில் எடுத்தது, ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியோடு.
துளையிட்டு நிறுத்திய சட்டம், நாலு சக்கரம்,
கடையாத சிலிண்டர் வார்ப்பு இரண்டு,
ஓரத்தில் ஹெக்டர் பெய்ன் என்று எழுதிய வரைபடச் சுருள்.
யாரென்று தெரியாது. இறந்துவிட்டார்.
நீராவி எஞ்சின் முழுசாக இருக்கிறதா என்று கேட்டேன்.
"எடை போட்டு வித்தது, எண்ணிப் பார்த்து இல்ல" என்றார் ஏலக்காரர்.

இணைப்புத் தண்டின் அளவுக்குப் பக்கத்தில்
பென்சிலில் ஒரே சொல்:
நம்பாதே.

எதை? எண்ணையா, எஃகையா, எழுதிய கையையா?

பட்டை நூல் பிடித்தாற்போல் நேராகத்தான் வந்தது.
ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் சீவிவிட்டு
வைஸைத் தளர்த்தினேன்.
மெல்ல முதுகை வளைத்தது,
தூக்கம் கலைந்த பூனை மாதிரி.
உருளைகளுக்கிடையே குளிரக் குளிர நசுக்கி இழுத்த
அத்தனை இழுப்பையும்
தோலுக்கடியில் வைத்திருந்திருக்கிறது.
ஒரு பக்கத்தை நான் எடுத்ததும்
மறுபக்கம் வாய் திறந்துவிட்டது.

நானும் திறந்தேன்.
பேருந்தில் சொல்ல முடியாத சொல்.

புதுப் பட்டை இரண்டை அறுத்துக்கொண்டுபோய்
கூடத்து விறகடுப்பில் செருகினேன்.
டூகல் ரக்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"ராத்திரிச் சாப்பாடா?"
"சாம்பலைக் கிளறாதே. காலையில்தான் எடுக்கணும்."
மாதுளை முத்தின் சிவப்புக்கு வந்து
விடியும்வரை ஆறியது.

காலையில் கரியும் செதிலுமாய்க் கிடந்தது,
அடம் போயிருந்தது.
இரண்டையும் ஈயம் பற்றவைத்து ஒன்றாக்கினேன்,
இடதும் வலதும் ஒரே துளையில் பிறக்கட்டும் என்று.

டிரில்லை இறக்கப்போகும்போது
அந்தச் சொல் குத்தியது.
வரைபடத்தை மடித்துவைத்துவிட்டு
சட்டத்தையே அளந்தேன், அச்சுக்கு அச்சு.
தாள் நூற்று நாற்பத்தாறு என்கிறது.
வெர்னியர் அதற்கு மேல் முப்பத்தெட்டு நூறிலொன்று கேட்கிறது.
மறுபடி. மறுபக்கமும்.
அதே முப்பத்தெட்டு.

நழுவியிருக்கும் ஹெக்டருக்கு.
பசித்த ஒரு சாயங்காலம்,
அல்லது கண்ணாடி மாற்றவேண்டிய கண்.
தெரிந்தும் சட்டத்தைத் தூக்கியெறியவில்லை.
தனக்கோ, வரப்போகும் யாருக்கோ
ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு
விளக்கை அணைத்திருக்கிறார்.

சரியான அளவில் துளைத்தால் சக்கரம் சுற்றாது.
அவர் தப்புக்கு ஏற்ற தப்பை
நான் பிசகாமல் செய்யவேண்டும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ரீமரை இறக்கினேன்.
எண்ணெய் ஒருமுறை பொருமி அடங்கியது.

பிசிறு தட்டி, ஈயத்தை உருக்கிப் பிரித்து,
முளைகளில் மாட்டி,
முன்சக்கரத்தை ஒற்றை விரலால் உந்தினேன்.
நாலும் சுற்றின.
முக்கால் சுற்றில் மட்டும்
எங்கோ ஒரு முனகல்.
அது ஹெக்டருடையது அல்ல. என்னுடையது.

பென்சிலைத் தேடி எடுத்தேன்.
அவர் சொல்லுக்குக் கீழே 146.38.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
அதற்கும் கீழே: முக்கால் சுற்றில் பார்.

விடிந்தால் ஏழேகாலுக்குப் பேருந்தைக் கிளப்பவேண்டும்.
கண்ணாடி முழுக்க உறைபனி.
சுரண்ட ஏதாவது கிடைக்குமா என்று
கோட்டுப் பையில் கைவிட்டால்
வருவது ஆறங்குல எஃகு ஸ்கேல்.