ரஸ்தா

தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கினால்
தேவகோட்டை இருக்காது.
ஆட்டோ பிடிக்க வேண்டும்.
இதைச் சரிசெய்யத்தான்
ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில்
பாதை போடத் தொடங்கினேன்,
பல்செட் செய்யும் லேபைச் சாத்திய பிறகு, இரவுகளில்.

நிஜத் தூரத்தை நூற்றறுபதால் வகுத்தேன்.
இந்தத் தெருவில் நுழைந்து
அடுத்த தெருவில் முடிகிற இந்த வீட்டுக்குள்
ஏறக்குறைய அடங்கிவிட்டது.
மிச்சத்தை ஒரு வளைவில் சுருட்டலாம்,
ஒன்பது அங்குலம் ஆரத்துக்குக் குறையாமல்.
குறைந்தால் நீளப் பெட்டிகள்
கல்யாணப் பந்தி மாதிரி தோளில் இடித்துக்கொள்ளும்.

ஆத்தங்குடிக் கல் கண்ணாடியாக மின்னும்.
ரசமட்டம் வேறு சொல்லும்:
இரண்டாம் தூணருகே அரை விரல் பள்ளம்.
தரையை நம்பாதே.
பலகையின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு திருகு வை.

ஊர்ச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து
ஜல்லியாக்கினேன்.
மூன்றாம் நாள் என்ஜின் இருமி நின்றது.
சவரிராஜ், செல்போன் பழுது பார்ப்பவர்,
எனக்குப் பற்றவைப்புக் கூட்டாளி,
ஒன்றும் சொல்லாமல் மண்மேல் காந்தத்தைக் காட்டினார்.
காந்தத்துக்கு மீசை முளைத்தது.
அத்தனை இரும்பு.
பிறகு பல் வார்க்கும் பிளாஸ்டரில் காவி கலந்து
நொறுக்கிக் கொட்டினேன்.
நீர் விட்ட பெவிகாலில்
ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு சேர்;
இல்லாவிட்டால் மேலேயே முத்தாக நிற்கும், உள்ளே இறங்காது.

மார்கழியில் இடுக்கில்லாமல் பூட்டிய தண்டவாளம்
கத்திரியில் பாம்பாக நெளிந்தது.
இப்போது இணைப்புதோறும்
ஒரு விசிட்டிங் கார்டின் கனம் விட்டிருக்கிறேன்.
மூன்றடிக்கு ஒரு மின்கம்பி.
கறுப்பு படிந்தால் ஸ்பிரிட்டும் துணியும்.
உப்புத்தாள் மட்டும் வேண்டாம்:
கீறலில்தான் அழுக்கு குடித்தனம் பண்ணும்.

எல்லாம் சரி.
இரண்டாங்கட்டுக் கதவு வந்தது.

எனக்கு வாடகை முன்கட்டுக்கு மட்டும்.
கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்பது பங்கு.
வாட்ஸ்அப்பில் எழுதினேன்:
"நிலைப்படிக்கு மேலே
இரண்டங்குல உயரத்துக்கு ஒரு வழி வேண்டும்."
ஆறு கட்டைவிரல்கள் உயர்ந்தன.
ஒருவர் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் சொன்னார்.
ஒருவர் கேட்டார்,
ரயில் வந்தால் வீட்டு மதிப்பு கூடுமா?
ஈப்போவிலிருந்து சோலையப்பன் எழுதியது ஒரே வரி:
"பர்மாத் தேக்கு. துளை போட்டால் வழக்கு."
சாவியும் அவரிடம்தான்.

நில எடுப்பு இப்படித்தான் இருக்குமோ என்னவோ.
சவரிராஜ் சிரித்துக்கொண்டே
கடைசி இணைப்பில் ஈயம் வைத்தார்.

கதவுக்கு நாலு விரல் முன்னால்
தடுப்புக்கட்டை போட்டாயிற்று.
நடைமேடை, வேப்பமரம், மஞ்சள் பலகை.
இடுக்கியால் எழுத்து ஒட்டும்போது
ஊர்ப் பெயர் வரை ஒட்டிவிட்டு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு 'ரஸ்தா'வையும் ஒட்டினேன்.

பக்கத்தில் பல்மெழுகில் செய்த
அரிசி அளவு ஆட்டோ ஒன்று.
மீட்டர் வைக்கவில்லை.