பிரேக்கில் ஒரு கால்

முதலில் நாக்கைப் படுக்க வைக்க வேண்டும்.
நட்டின் விலாவில் ஏறி நிற்கும்
வாஷரின் தகர நாக்கு.
உளியை வைத்து மெல்லத் தட்டினால் படுத்துவிடும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஒரு சொக்கற் வெடித்தபின் தெரிந்தது.

ஓஷாவா. ஏப்ரல் கடைசி.
கராஜ் கதவைப் பாதி உயர்த்தினால்
வாசலோரம் கரி படிந்த பனிக்குவியல்,
போக மனமில்லாத விருந்தாளியாய்.

பைக்கை விற்றவர் பெயர் பூட்ரோ.
டிசம்பர் மட்டும் ஓடுவேன் என்று
பெருமையாகச் சொன்னார்.
விலை குறைவாயிருந்த சந்தோஷத்தில்
நானும் தலையாட்டினேன்.
அவர் ஓடிய மாரியெல்லாம்
தெருவுக்குக் கொட்டிய உப்பு
செயின் வழியே ஏறிவந்து
இந்த நட்டுக்குள் குடியிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
உறுப்பெழுத்துக் கொப்பியில்
நான் இருபது தரம் எழுதியிருக்கிறேன்.
அதன்படி வாழ்வது
இது ஒன்றுதான்.

வெள்ளி இரவு எண்ணெய் விட்டேன்.
சனி காலை எண்ணெய் விட்டேன்.
சனி பின்னேரம் சூட்டுக் காற்று;
பழைய கிரீஸ் கருகிய மணம் படியேறிப் போக
மேலே அக்கா ஜன்னல் திறக்கும் சத்தம்.
அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
நகரட்டும்.
முப்பத்திரண்டு மில்லிமீற்றர் நட்
அம்மி இல்லை.

நடுவில் ஒரு சந்தேகம்,
இடமா வலமா.
மூன்று தரம் புத்தகத்தைப் பார்த்தேன்.
மூன்று தரமும் இடம்தான்.
புத்தகம் மாறவில்லை,
நான்தான் மாறிமாறி நின்றேன்.

முதல் கியரில் போட்டும் சில்லு நிற்கவில்லை.
நான் தள்ளத் தள்ள
பைக் முழுவதும் என்னோடு உருண்டது.
பிரேக் மிதிக்க ஒராள் வேண்டும்.
வீட்டில் இருந்ததும் ஒராள்.

வதனி அக்கா.
கல்கரியில் எனக்கு வேலை கிடைத்தபோது
"அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டு
அந்த வேலையை முடித்துவைத்தவள்.
இந்த பைக்கை வந்த நாள்முதல்
"அது" என்று மட்டும் சொல்பவள்.
என்னை நிறுத்துவதில்
முப்பது வருட அனுபவம் உள்ளவளிடம் போய்
பிரேக் பிடிக்க வா என்றேன்.

வந்தாள். வேலைச் சப்பாத்தோடு வந்தாள்.
சீற்றில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து
பஸ்ஸில் இருப்பதுபோல் இருந்தாள்.
"எந்தக் கால்?"
"வலக்கால்."
"எவ்வளவு அமத்த?"
"உனக்கு எவ்வளவு ஏலுமோ."

அவளுக்கு நிறைய ஏலும்.

நாலடி நீர்க்குழாய்த் துண்டை
பிடியில் செருகி
அதன் கடைசி முனையில் தொங்கினேன்.
இரும்பு வளைந்தது,
அல்லது என் கண்தான் வளைந்ததோ, தெரியாது.
பிறகு
டக்.

நல்ல சத்தமும் கெட்ட சத்தமும்
ஒரே குரலில்தான் வரும்.
இருவரும் மூச்சு விடவில்லை.
"முறிஞ்சு போச்சோ?" என்றாள்.
அதில் கொஞ்சம் ஆசை இருந்ததா
என்று பார்க்க நான் நிமிரவில்லை.

விரலால் தொட்டேன்.
சுற்றியது.
இரண்டு நாள் என்னைத் தொங்கவிட்டது
சோடாப் போத்தல் மூடிபோல்
இரண்டு விரலுக்கு இறங்கி வந்தது.
மரை முழுக்கச் செந்தூள்.
நாக்கில் வைத்தால் கரிக்கும் என்று நினைத்தேன்.
வைக்கவில்லை.

அக்காவின் உள்ளங்கையில் நட்டை வைத்தேன்.
"இவ்வளவுதானோ?"
இவ்வளவுதான்.

அவள் காலை இன்னும் எடுக்கவில்லை.
இனி எடுக்கலாம் என்றேன்.
"புதுசு பூட்டேக்கை?
அப்பவும் ஒராள் மிதிக்க வேணுமெல்லே?"

வேணும்.
செவ்வாய்தான் பார்சல் வரும் என்றேன்.

"செவ்வாய் எனக்கு லீவு,"
கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
இறங்காமல்,
முன்னே இருந்த ஹாண்டிலைப் பார்த்தபடி
சொன்னாள்.