கேட்டல் பகுதி

நானுஓயாவில் ஏறும்போதே சொல்லிவிட்டாய்,
மதியச் சாப்பாடு எல்லயில்,
கொரியக் கடையில்.
பட்டிப்பொல சுரங்கத்தின் இருட்டில்
பையிலிருந்த ரொட்டியையும் கட்டச்சம்பலையும்
பாதி தின்று முடித்திருந்தேன்,
உன்னை நம்பாமல்.

கல்யாணமாகி ஆறு வருடம்.
நம் மலையில் நாமே
சுற்றுலாப் பயணிகளானது இதுதான் முதல் தடவை.
வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிப் படமெடுக்க
இதல்கஸ்ஹின்னவில் மூடுபனி
டிக்கெட் இல்லாமல் ஏறி
எதிர் இருக்கையில் உட்கார்ந்தது.

கடை என்றால் தகரக் கூரை, நாலு மேசை,
சுவரில் ஒரு தொழிற்சாலைப் படம்:
நீலச் சட்டையில் முப்பது பேர்
பனிக்குள் நின்று சிரிக்கிறார்கள்.
இரண்டாம் வரிசையில் இந்திக.
இப்போது ஏப்ரன் கட்டி வெங்காயத்தாள் அரிகிறான்.
இடக்கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை.
அது அன்சானில்
ஓர் அச்சு இயந்திரத்திடம் இருக்கிறது.

மெனுவில் சிங்களம், ஆங்கிலம்,
நடுவில் வட்டமும் கோடுமாய் இன்னொன்று.
நீ அந்த நடுவைத்தான் படித்தாய்,
விரல் வைத்து, எழுத்துக்கூட்டி,
முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

நாம் பேசத் தொடங்கிய மழைக்காலத்தில்
பதினொரு மணிக்கு மேல்
ஹெட்போனோடு கிடந்தாய்.
வாசித்தலில் நல்ல புள்ளி,
கேட்டலில் மூன்று குறைவு என்று
ஒரே குறுஞ்செய்தி அனுப்பினாய்.
"அன்னைக்குப் போயிருந்தா உன்னக் கட்டியிருக்க மாட்டேன்."
இடைக்கிடை சொல்வாய்.
அது சமாதானமா, குற்றச்சாட்டா
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் கிம்ச்சி வந்தது, சிறு கிண்ணத்தில்.
புளிப்பு, பூண்டு,
பிறகு பல்லுக்கடியில் ஒரு நறுக்.
எங்கேயோ பழகிய நறுக்.
"இது எங்க ஊருக் கோவா."
இந்திக தலையாட்டினான்:
கந்தப்பளை லொறி, செவ்வாயும் வெள்ளியும்.

கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விழுந்த வருடம்
அப்பா வெட்டாமலே விட்டார்.
தலை தலையாய் வெடித்து
பாத்தி முழுக்க அழுகல் வாடை,
என் பாடசாலைச் சீருடை வரைக்கும்.
அதற்கும் இந்தக் கிண்ணத்துக்கும் நடுவே
ஒரு கை உப்பு, ஒரு மூடி,
அவ்வளவுதான் தூரம் என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார்.
இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

தொக்போக்கி,
பூரணம் வைக்க மறந்த கொழுக்கட்டை.
ஸ்டீல் குச்சியில் நிற்கவேயில்லை,
மேசையில் உருண்டு
உன் புதுக் காற்சட்டையில் சிவப்பாய் விழுந்தது.
உறைப்பு காதுவரை ஏற,
என்ன போடுகிறார்கள் என்று கேட்டேன்.
"கொச்சு. கொரியன்ல மிளகாய்க்கு அதுதான் பேரு."
"கொச்சி."
"கொச்சு."
"கொச்சிதான்!"
மூக்கு வழிய, சிரிப்பில் புரையேற,
பக்கத்து மேசை நமக்குத் தண்ணீர் தள்ளியது.

இந்திக வந்து நின்றான்.
சிங்களத்தில் கேட்டிருக்கலாம்.
"மஷிஸ்ஸோயோ?" என்றான்.
அடுப்பு இரைகிறது. கூரையில் தூறல்.
தெருவில் ஒரு த்ரீவீலர் பாட்டோடு போகிறது.
நீ குச்சியைக் கீழே வைத்தாய்.
ஹெட்போன் இல்லை,
மண்டப மேற்பார்வையாளர் இல்லை,
கேள்வி ஒரே ஒரு தடவைதான்.
"நே," என்றாய்.
பிறகு அவன் சொல்லையே எடுத்து
நுனியில் ஏறியிருந்த குரலை மட்டும் இறக்கி,
"மஷிஸ்ஸோயோ."

ராமியோனில் உடைத்த முட்டைக்கு
அவன் கணக்குப் போடவில்லை.

வரும்போது பழைய ஜாம் போத்தலில்
கொஞ்சம் கிம்ச்சி வாங்கினோம்.
மூடியை இறுக்காதீங்க என்றான்.
இறுக்கினாய்.

இரவு விடுதியில்,
தெமோதரப் பக்கம் கடைசி ரயில் ஊதிப் போன பிறகு
மேசைமேல் டப் என்று ஒரு சத்தம்.
"கேட்டிச்சா?"
"கேட்டிச்சு," என்றாய்
எழும்பாமல்,
பூண்டு மணக்கும் வாயை
என் கழுத்தில் வைத்தபடி.