பவுசர் வராத நாள்

கிளிவெட்டி முகாம்.
குடும்ப அட்டை இலக்கம் நூற்றுப் பதினேழு.
தலைகள் ஐந்து.
வந்த பிரஷ் ஒன்று, நீலம்.
கையொப்பம் வைத்து வாங்கினேன்.

முதலில் அவர், பிறகு பெரியவள்,
டிலுக்சன், சின்னவன்,
கடைசியாய் நான்.
ஒரே மாதத்தில் அதன் மயிர்
மாடு மிதித்த வைக்கோலாய்ச் சாய்ந்தது.
பிறகு அடுப்புக் கரி.
பிறகு ஒன்றுமில்லை.

சீனி மட்டும் தவறாமல் வந்தது.
பசிக்கு அழுதால் பிளேன்ரீ,
காய்ச்சலென்றாலும் பிளேன்ரீ,
இரவில் சின்னவன் வாயில்
சீனித்தண்ணிப் போத்தல்.
அவன் முன்பற்கள் முளைக்கும்போதே கறுத்தன.
எறும்பு மொய்த்த மாதிரிக் கிடக்கு என்றாள்
பக்கத்துக் கொட்டில் யோகமலர்.
ஒரு கிழமை அவளோடு பேசவில்லை நான்.

மூதூரிலிருந்து நசீஹா மிஸ் வந்தாள்,
கையில் ஒரு பிளாஸ்ரிக் தாடை.
பிள்ளைகள் முதலில் பயந்தார்கள்,
பிறகு அதற்குள் விரலை விட்டார்கள்.
"எழும்பினா ஒருக்கா, படுக்க முதல் ஒருக்கா."
நாங்கள் சிரித்தோம்.
மிஸ், பவுசர் பத்து மணிக்கு வரும்,
வந்தால்.
குடிக்க ஒரு குடம், சமைக்க ஒரு குடம்.
இராத்திரி வாய் கொப்பளிக்க
எங்கே போக, மகாவலிக்கா?

அவள் கோபப்படவில்லை.
கடலையளவு பசை எடுத்து
எங்கள் முன்னாலேயே பல் தீட்டினாள்.
முக்காட்டை ஒரு கையால் ஒதுக்கி
வேலியோரம் துப்பினாள்.
அவ்வளவுதான்.
"துப்புங்க, கொப்பளிக்காதீங்க.
பசை பல்லில கிடக்கட்டும்,
இரவு முழுக்க அதுதான் காவல்."

காவல் என்ற சொல்லுக்கு
இங்கே வேறு அர்த்தம் இருந்தது.
அன்றுதான் அதை
வாய்க்குள் வைத்துப் பார்த்தேன்.

அடுத்தமுறை ஐந்து பிரஷ் கொண்டுவந்தாள்.
யாரோடு சண்டை பிடித்தாளோ, தெரியாது.
ஆணியைச் சுடவைத்துப்
பிடியில் ஆளுக்கொரு அடையாளம் கீறினேன்.
இடம்பெயர்ந்து இரண்டு வருடத்தில்
எனக்கே எனக்கென்று ஒரு பொருள்.
முரசில் இரத்தம் வருமட்டும் தீட்டினேன்,
அது பிழையாம், மெதுவாகத்தான் தீட்டவேணுமாம்.

சீனிப் போத்தலை நிறுத்திய மூன்று இரவும்
எங்கள் வரிசையில் யாரும் தூங்கவில்லை.
நாலாம் இரவு யோகமலர் வந்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
அவனைத் தன் தோளில் வாங்கினாள்.

நேற்று டிலுக்சனின் முன்பல் விழுந்தது.
சொத்தையில்லாத பல்.
கூரையில் எறி, அணில் எடுத்துக்கொண்டு
புதுப்பல் தரும் என்றேன்.
அண்ணாந்து தறப்பாளைப் பார்த்தான்,
அதில் அச்சடித்திருந்த நீல எழுத்தை
எழுத்துக்கூட்டினான்.
"இது அவங்கட கூரையெல்லா?"

பற்பசை மூடிக்குள் பல்லைப் போட்டுத்
தலைமாட்டில் வைத்திருக்கிறான்,
சம்பூர் போய் எறிய.
அங்கே வீட்டுக்குக் கூரை இல்லையென்று
நான் இன்னும் சொல்லவில்லை.