அளபெடை

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை
நொடியைப் பிடித்துப் பார்ப்பது.
லா ஷோ-த-ஃபோனில், ரயிலடிக்குப் பின்னால்,
மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் மேசை.
நாளைக்கு அரை நொடி பிந்தினாலும்
கடிகாரம் சிவப்புப் பெட்டிக்குப் போகும்.
நான் மூன்று நிமிடம் பிந்தினால்
சம்பளத்தில் கால் மணி போகும்.

சிவப்புப் பெட்டியிலிருந்து ஒன்றைக்
கேட்டுத்தான் எடுத்து வந்தேன்.
குவார்ட்ஸைப் பிடுங்கினேன். மிச்சம் சுருளும் முள்ளும்.
இது ஓட வேண்டிய மின்சாரம்
எறும்பு தும்மினால் வரும் என்பாள்
பாட்டரிப் பகுதி ஓடெத் பெரனூ.

வாசலில் நகரசபையின் மேப்பிள்.
இடுப்பில் தகரத்தில் எண்: 2217.
அக்டோபரில் அதில் ஒரு துத்தநாக ஆணி அடித்தேன்,
அடிமண்ணில் ஒரு செப்புக் கம்பி.
மீட்டர் முக்கால் வோல்ட்டைத் தாண்டியது.
மின்சாரம் திரும்பி வந்த தெருவைப் போல
தனியே நின்று கத்தினேன்.

ஓடெத் அசரவில்லை.
“மரம் ஒன்றும் தரவில்லை.
உன் ஆணி செத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.
எலுமிச்சம்பழமும் இதைச் செய்யும்.
இரண்டு பக்கமும் ஒரே உலோகம் வை,
பிறகு பேசு.”

வைத்தேன். துருப்பிடிக்காத இரண்டு ஊசி,
ஒன்று பட்டைக்குள், ஒன்று மண்ணுக்குள்.
ஐம்பத்தெட்டு மில்லிவோல்ட்.
பொய் போனபின் மிஞ்சியது அது.
மரத்தின் புளிப்புக்கும் மண்ணின் புளிப்புக்கும்
நடுவே ஒரு சின்ன மனஸ்தாபம்.

அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து
நிரம்பியதும் முள்ளிடம் கொடுக்க
ஒரு மின்தேக்கி, சில்லறைச் சாமான்கள்,
ஞாயிறு முழுக்கப் பற்றவைத்தேன்.
கீழ்வீட்டு இஸௌரா
மாப்பும் வாளியுமாய் வந்து நின்றாள்.
“மரத்துக்குச் சேலைன் ஏற்றுகிறாயா?”
“இல்லை, அதுதான் ஏற்றுகிறது.”
என் பிரெஞ்சிலிருந்து அது சரியாகக் கிளம்பவில்லை,
அவள் பிரெஞ்சுக்குச் சரியாகப் போய்ச் சேரவுமில்லை.
இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

இருபத்திரண்டு நிமிடம்.
முள் ஒரு கோடு குதித்தது.

கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை
என்று பள்ளியில் படித்திருக்கிறேன்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.
நெடிலும் போதாத இடத்தில் அளபெடை:
எழுத்து தன் அளவை மீறி நீளும்,
குறில் ஒன்று கூடவே போய்த் துணை நிற்கும்.
2217 என்ன எழுத்தோ.
ஆயிரத்துச் சொச்சம் மாத்திரை வேண்டியிருக்கிறது
அதற்கு ஒரு நொடியைச் சொல்லி முடிக்க.
பக்கத்தில் நான் நின்றேன், தொப்பியோடு.

ஜனவரியில் மண் இறுகியது.
பதினொரு நாள் முள் அசையவில்லை.
பன்னிரண்டாம் மேசையில் அந்த வாரம்
நாலாயிரத்து நூறு கடிகாரம் பார்த்தேன்.
எல்லாம் சரியாக ஓடின.
மார்ச் கடைசியில், சாறு ஏறத் தொடங்கியதும்,
வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால்
முள் இரண்டு கோடு தள்ளி நிற்கிறது.
ராத்திரி எப்போது என்று தெரியாது.

மே மாதம் நகரசபைக் கடிதம் வந்தது.
கூடவே படிவம். ‘சாதனத்தின் திறன்’ என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று யோசித்து
‘மிகக் கொஞ்சம்’ என்று எழுதினேன்.
மரங்களுக்குப் பொறுப்பான மத்தே
ஏணியோடு வந்தார்.
ஊசித்துளையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்,
மாட்டு வைத்தியரைப் போல.
“பத்து நாளுக்குள் கழற்ற வேண்டும், மதாம்.
துளை வழியே பூஞ்சை போகும்.”
சரி என்றேன். அவர் சொன்னது நியாயம்.
ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன்.

ஏணியை மரத்தில் சாத்தி, அதில் தானும் சாய்ந்தார்.
எதிர்வீட்டுக் கூரையிலிருந்து ஒரு காகம் போய்
வேறொரு காகம் வந்தது.
பதினெட்டாவது நிமிடம் அவருடைய போன் அடித்தது.
திரும்பினார்.
குதித்தது.

“இப்போதா?”
“இப்போதுதான்.”

தன் மணிக்கட்டைப் பார்த்தார்.
அது எங்கள் மேசை வழியாகப் போனதாகவும் இருக்கலாம்.
போனை அணைத்துப் பையில் போட்டார்.
எனக்கு ஒன்றரைக்கு ஷிஃப்ட்.