காற்றுப் பொத்தான்

நாற்பத்தேழு வினாடி.
பட்டர்வொர்த் பெர்ரியில் யாரோ வாசித்து
யாரோ பதிந்து
யாரோ எனக்கு அனுப்பியது.
அடியில் இஞ்சின் உறுமல், ஒரு குழந்தையின் தும்மல்,
அதற்கும் இதற்கும் நடுவே மெலோடியன்.
பெயர் இல்லை.
"லாகு தாரி" என்று மட்டும் கூட வந்தது,
ஆட்டப் பாட்டாம்.
எந்த ஆட்டம்?

பகலெல்லாம் ஜெலுத்தோங் ஆய்வகத்தில்
பிறர் வாய்க்குப் பல் கடைகிறேன்.
இரவில் ஐந்தாம் மாடியில்
என் பெட்டியின் பற்களை எண்ணுகிறேன்:
வலக்கைக்கு இருபத்தொன்று, இடக்கைக்கு எட்டு.
தள்ளினால் ஒரு சுரம்
இழுத்தால் வேறு சுரம்
அதே பொத்தான், அதே விரல்.
கடன் கேட்டு வரும்போது ஒரு பேச்சு
வாங்கிப் போகும்போது ஒரு பேச்சு,
என் தம்பியைப் போல.

முதல் பாகம் எட்டு அடி. தெரிந்துவிட்டது.
ஜி வரிசையில் நடந்து
டி வரிசையில் ஒரு கால் நனைத்துத் திரும்புகிறது.
இடக்கை தகிட தகிட என்கிறது
வலக்கை தக தக தக என்கிறது.
ஆறு காசை ஒருத்தி மூன்று மூன்றாகவும்
ஒருவன் இரண்டிரண்டாகவும் பிரித்தால்
கணக்கு சரி, சண்டை தீராது.
அந்தத் தீராத இடத்தில்தான்
இடுப்பு அசைகிறது.

ஜோகெட் என்றேன்.
பாயான் லெப்பாசில் கல்யாணங்களுக்கு பிடில் வாசிக்கும் ஸுல்ஹில்மி
கைபேசியைக் காதோடு அழுத்தி இரண்டு முறை கேட்டார்.
"எங்களோடது இல்ல.
எங்க பாட்டு வாசல்ல நின்னு கால் துடைக்காது,
நேரா நடுவீட்ல குதிக்கும்."

புலாவ் திக்குஸில் பெர்னதெத் டி அல்மேடா
மாவுக் கையோடு தலையாட்டினாள்.
"எங்களோடதும் இல்ல, இதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

கும்மியோ என்று
சமையலறையில் நானே தட்டிப் பார்த்தேன்.
கை வந்தது. கால் வரவில்லை.

சொந்தம் கொண்டாட ஆளில்லாத பாட்டு.
பெர்ரி இருக்கையில் விட்டுப்போன குடை.

இதில் இரண்டாம் பாகம்தான் வம்பு.
எட்டு முடிந்த பிறகு
ஒன்பதாவதாக ஓர் அடி
சுரமே இல்லாமல், ஒரு ஹ்ஸ்.
மூன்று வாரம் அதற்குக் காரணம் தேடினேன்.
அங்கே ஜோடி மாறும்.
இல்லை, அங்கே ஒருத்தி கைக்குட்டையை நழுவவிடுவாள்.
இல்லை, அங்கே குனிந்து எடுப்பவன்
எடுக்காமல் நிமிர்வான்.
ஒரு முழு ஆட்டத்தையே
அந்த ஹ்ஸ்ஸுக்குள் கட்டி வைத்தேன்.

கார்னர்வன் சாலையில் ரீட் மாற்றித் தரும் கூ பெங் சூன்
பதிவைக் கேட்டதும்
ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"அடி இல்லை அம்மா, காற்று.
துருத்தி மூடிப்போச்சு,
கட்டை விரலால காற்றுப் பொத்தானை அமுக்கி
மூச்சு நிரப்பியிருக்கான் அந்த ஆள்."
ரீட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி.
சிரிப்புக்கு எதுவும் வாங்கவில்லை.

வெட்கத்தோடு எட்டாகத் திருத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை பாடாங் கோத்தாவில்
ஸுல்ஹில்மியின் ஆட்டக்காரர்களுக்கு வாசித்தேன்.
எல்லாம் ஒழுங்காகப் போயிற்று,
டைல்ஸ் போட்ட தரை மாதிரி.
மறுசுற்றில் பழக்கதோஷம்,
விரல் தவறி ஒன்பதாகிவிட்டது.
மாலைக்கடல் பக்கம் ஆடிக்கொண்டிருந்த நோர்ஹயாத்தி
தூக்கிய காலை வைக்க இடமில்லாமல்
ஓர் அடி நேரம் காற்றில் நிறுத்தினாள்.
பிறகு வைத்தாள்.
எல்லோரும் வைத்தார்கள்.
மூன்றாம் சுற்றில் நான் எட்டுக்குத் திரும்பியதும்
கத்தினாள்:
"எங்கே போச்சு அது?"

பெர்ரிக்காரரே,
உம் மூச்சுத் திணறலை நான் தாளம் என்று படித்தேன்.
தப்புத்தான்.
என் துருத்தியில் காற்று நிறைய இருக்கிறது.
ஒன்பதாவதில்
இருந்தும் அமுக்குகிறேன்.
பாட்டின் பெயர் இன்னும் தெரியவில்லை.